சூப்பர்வைசர் இருந்தும் போன் ஓயவில்லையே!

கேள்வி: திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். 12 மெஷினில் தொடங்கியது இன்று 45 ஆகிவிட்டது. சூப்பர்வைசர், கணக்கர் இருந்தும் ஊசி வாங்குவதற்குக்கூட எனக்குத்தான் போன் வருகிறது. ஒருமுறை முழுப் பொறுப்பையும் சூப்பர்வைசரிடம் விட்டேன். ஷேட் மாறிய துணியை வெட்டிவிட்டார்கள். அதிலிருந்து பயம். என்ன செய்வது?

பதில்: 'முழுப் பொறுப்பு' என்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். எதை அவரே முடிவு செய்யலாம், எதை உங்களிடம் கேட்க வேண்டும் என்று சொல்லாமல் மொத்தமாகக் கொடுத்தீர்கள்; ஒரு தவறு நடந்ததும் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டீர்கள். கேட்காமல் செய்து திட்டு வாங்குவதைவிட, கேட்டுவிட்டுப் போவது அவருக்கு நிம்மதி.

அந்த ஷேட் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். சாய லாட் (ஒரே தடவையில் சேர்த்துச் சாயம் போட்ட துணி) மாறினால் ரோலுக்கு ரோல் நிறம் சற்று மாறத்தான் செய்யும். ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, பார்ட்டி (ஆர்டர் கொடுத்தவர்) ஒப்புக்கொண்ட சாம்பிளோடு ஒப்பிட்டு, லாட் எண்ணுடன் நோட்டில் ஒட்டிக் கட்டிங் மாஸ்டர் கையெழுத்துப் போடட்டும். நிறம் சேராவிட்டால் வெட்டாமல் நிறுத்தும் உரிமை சூப்பர்வைசருக்கு உண்டு என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். அதனால் டெலிவரி ஒரு நாள் தள்ளிப்போனாலும் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. (உங்களால் முடியுமா என்பதுதான் என் சந்தேகம்!) உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று செக்கிங்கில் தெரியவரும் நஷ்டத்தைவிட அந்த ஒரு நாள் மலிவு.

நூல், ஊசி, சில்லறை ரிப்பேருக்கு ஒரு தொகை வரம்பு வையுங்கள். பில்களைச் சனிக்கிழமை மொத்தமாகப் பாருங்கள், நடுவில் கேட்காதீர்கள். பார்ட்டியிடம் பீஸ் ரேட் பேசுவதும், புதிய மெஷினுக்குக் கடன் வாங்குவதும் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும்.

பணம் வேறு விஷயம். கணக்கர் பதிவு செய்ய, நீங்கள் ஒப்புதல் தரும் ஏற்பாடு நெட் பேங்கிங்கில் உண்டு. வங்கியில் கேட்டு வாங்குங்கள். ஓடிபி வரும் போனைக் கணக்கரிடம் கொடுத்துவிட்டு அதை நம்பிக்கை என்று நினைக்காதீர்கள். நீங்கள் மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர் என்றால், விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 மறுமாதம் 11-ம் தேதிக்குள், வரிக் கணக்கைச் சுருக்கமாகக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-க்குள். தயாரிப்பது கணக்கர் வேலை. ஆனால் இரண்டு நாள் முன்பே உங்கள் மேஜைக்கு வர வேண்டும். தாமதக் கட்டணம் உங்கள் நிறுவனத்தின் தலையில்தான் விழும்.

இன்னொன்று. டைலர்கள் லீவுக்கும் அட்வான்ஸுக்கும் நேராக உங்களிடம் வந்தால் சூப்பர்வைசரிடமே திருப்பி அனுப்புங்கள். அவரைப் பற்றியே புகார் என்றால் மட்டும் உட்காரவைத்துக் கேளுங்கள்.