ரஷ்யர்கள் கடுங்குளிரிலும் வீட்டு ஜன்னலை ஏன் திறக்கிறார்கள்?

வீட்டின் சூடு அவர்கள் கையில் இல்லை, அதனால்தான். ரஷ்ய நகரங்களில் பெரும்பாலும் மைய வெப்பமூட்டல் முறை. அனல் மின் நிலையத்திலோ கொதிகலன் கூடத்திலோ சுடவைத்த நீர் குழாய் வழியே வந்து, அடுக்குமாடி வீடுகளின் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ரேடியேட்டர்களைச் சூடாக்கும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெரு முழுக்கத் தண்ணீர் திறந்துவிடுவது மாதிரி.

மின்சாரம் தயாரிக்கும்போது மிஞ்சும் வெப்பம் வீணாகக் கூடாதே என்று சோவியத் காலத்தில் இதைப் பரவலாக அமைத்தார்கள். வெளியே சராசரி வெப்பநிலை தொடர்ந்து 5 நாள் 8 டிகிரிக்குக் கீழே போனால் பொதுவாக இந்தச் சுடுநீரைத் திறந்துவிடுவார்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் சூட்டைக் குறைக்கும் திருகே கிடையாது. வெளியே மைனஸ் 20, உள்ளே 25. அப்புறம் என்ன, ஜன்னல் மேலே உள்ள ஃபோர்தோச்கா என்ற குட்டிக் கதவைத் திறக்க வேண்டியதுதான். பல இடங்களில் கட்டணமும் வீட்டின் பரப்பளவை வைத்தே என்பதால், மிச்சம் பிடிக்க யாருக்கும் பெரிய அக்கறை இல்லை.



ரஷ்யர்கள் வீட்டுக்குள்ளும் கம்பளி போர்த்தி நடுங்குவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; உள்ளே பெரும்பாலும் அரைக்கை டி-ஷர்ட்தான்.