லம்பாமும் ஹருவானும் ஒரே தொட்டியில் வாழுமா?

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: பழைய ஆறடி மீன்தொட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. சுண்ணாம்பு மலைப் பக்கம் பொறுக்கிய வெள்ளைக் கற்களை அடுக்கி, குழாய்த் தண்ணீர் நிரப்பி, மகன் ஆற்றிலும் தோட்டத்துப் பக்கக் குட்டையிலும் பிடித்து வந்த எட்டு லம்பாம், இரண்டு ஹருவான் (விரால்) குஞ்சு, சில செப்பாட் மீன்களை மறுநாளே விட்டோம். மூன்று நாளில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. இரண்டு லம்பாம் செத்துவிட்டன. பில்டரை மாற்ற வேண்டுமா? கெலா என்ற மலையாற்று மீனை வளர்க்கவும் ஆசை.

முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியது. தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். புதுத் தண்ணீருக்கு மீன்கடையில் விற்கும் ஆன்டி குளோரின் கட்டாயம். காற்றுப் பம்பு இரவும் பகலும் ஓடட்டும். இரண்டு மூன்று நாளைக்கு இரை வேண்டாம், மீன்கள் பட்டினியால் சாகாது. நாளையும் மறுநாளும் இதே அளவு தண்ணீர் மாற்றுங்கள். பில்டரைத் தொடாதீர்கள். உங்களைக் காப்பாற்றப் போவது அதற்குள் இப்போதுதான் பிறந்துகொண்டிருக்கும் பாக்டீரியாக்கள்.

மேலே வந்து வாயைப் பிளப்பது எந்த மீன் என்று பாருங்கள். செப்பாட்டும் ஹருவானும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன்கள். அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துப் போவது அவற்றின் இயல்பு. மூடியை இறுக்கி அந்த வழியை அடைத்தால் ஹருவான் மூச்சுமுட்டியே சாகும். லம்பாம் அப்படியில்லை. அது செவுளால் மட்டும் சுவாசிக்கும் ஆற்று மீன். அது மேல்மட்டத்திலேயே நின்று வாயைத் திறந்து மூடினால் தண்ணீரில் கோளாறு. ஒரு லம்பாமின் வாயைப் பார்த்தே தண்ணீரின் நிலையைச் சொல்லிவிடலாம்.

அந்தக் கோளாறு அம்மோனியா. மீனின் கழிவிலும் மிஞ்சிய இரையிலும் இருந்து அது வருகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, நைட்ரேட்டை வாராவாரம் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். இந்த பாக்டீரியாக்கள் பில்டர் பஞ்சில் போதிய அளவு குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நம் ஊர் வெப்பத்தில் கொஞ்சம் முந்தலாம். நீங்கள் கொடுத்தது ஒரு நாள். தெரிந்தவர் யாரிடமாவது நோயில்லாத, நன்றாக ஓடும் தொட்டி இருந்தால், அவருடைய பில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் பில்டருக்குள் வையுங்கள். பாட்டிலில் விற்கும் மருந்துகளைவிட நான் இதைத்தான் நம்புவேன். பஞ்சைக் கழுவும்போதும் குழாயடியில் கழுவ வேண்டாம், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும்.

அடுத்தது அந்த வெள்ளைக் கற்கள். சுங்கை சிப்புட்டைச் சுற்றி நிற்கும் மலைகளில் பல சுண்ணாம்புக்கல். அந்தக் கல் தண்ணீரில் மெல்லக் கரைந்து, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவை ஏற்றும். பிஎச் ஒரு புள்ளி ஏறினால், அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும். அதாவது, அதே மீன், அதே கழிவு, ஆனால் விஷம் மட்டும் பல மடங்கு. உங்கள் லம்பாம் இரண்டும் இவ்வளவு சீக்கிரம் போனதற்கு இந்தக் கற்களும் காரணமாக இருக்கலாம். ஒரு கல்லின் மேல் சுக்கா (வினிகர்) சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, ஆற்றில் உருண்டு வழவழப்பான கருங்கல் வகைகளைப் போடுங்கள். அவை தண்ணீரை மாற்றாது.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். தொட்டி பெரியதாக இருப்பதால் பிடித்த மீனையெல்லாம் விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் ஏறக்குறைய 650 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வீட்டுக்குள் அது பெரிய தொட்டிதான். ஆனால் அதற்குள் ஒரு தண்ணீர்தான் இருக்க முடியும். ஓடும் ஆறா, தேங்கிய குட்டையா என்று முடிவு செய்யுங்கள். மீன் அதற்கு அப்புறம்.

ஆறு என்றால் லம்பாம். செந்நிற வாலில் கறுப்பு ஓரம் கட்டிய லம்பாம் சுங்கையைத்தான் சொல்கிறேன். வெள்ளியாக மின்னும் லம்பாம் ஜாவா வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட இனம். லம்பாம் சுங்கை ஓர் அடிக்கு மேலும் வளரும், கூட்டமாக வாழும். தனியாக விட்டால் மிரண்டு கண்ணாடியில் மோதும். உங்களிடம் மிஞ்சிய ஆறு மீன்கள் போதும், இன்னும் சேர்க்காதீர்கள். ஒரு பக்கத்திலிருந்து பம்பு வைத்து நீரோட்டம் உண்டாக்குங்கள், அந்த ஓட்டத்தை எதிர்த்து அவை வரிசையாக நிற்பதைப் பார்க்க இரண்டு கண் போதாது. செடி மட்டும் நடாதீர்கள், தின்றுவிடும். ஆற்றுக் கல்லும் மரக்கட்டையும் போதும். செபாராவ் குஞ்சும் ஆற்று மீன்தானே என்று கேட்பீர்கள். அது வேட்டை மீன், இரண்டடி தாண்டி வளரக்கூடியது. வேண்டாம்.

குட்டை என்றால் அது வேறு உலகம், என் மனம் அந்தப் பக்கம்தான் சாயும். செப்பாட், பனையேறியான புயு, செலுவாங் கூட்டங்கள், அடியில் பாம்பு மாதிரி நெளியும் சின்ன அயிரைகள். மெல்லிய ஓட்டம், மிதக்கும் செடி, காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலைகள் சில. அந்த இலை தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி, பிஎச்சையும் கொஞ்சம் இறக்கும். சாலையோரம் விழுந்ததை எடுக்காமல், மருந்து அடிக்காத இடத்தில் காய்ந்து உதிர்ந்ததை எடுத்துக் கழுவிப் போடுங்கள். புயு மட்டும் சண்டைக்காரன், சிறிய செலுவாங்கோடு சேர்க்காதீர்கள்.

ஹருவான், அதாவது நம் விரால், இரண்டு தொட்டிக்கும் பொருந்தாது. இன்று விரல் நீளம் இருக்கும் குஞ்சு ஒரே வருடத்தில் செப்பாட்டை விழுங்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். தாவவும் செய்யும், மூடியில்லாத தொட்டியில் காலையில் தரையில்தான் கிடக்கும். அதற்குத் தனித் தொட்டி உண்டென்றால் வையுங்கள். இல்லையென்றால் வளர்ப்பவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். விராலின் பெரிய உறவான தோமானை யாராவது கொண்டுவந்தால் வாங்கவே வாங்காதீர்கள், அது ஒரு மீட்டர் தாண்டும்.

கெலா ஆசையைக் கைவிடச் சொல்கிறேன். அது குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த மலை ஆறுகளின் மீன். வெளியே வெயில் கொளுத்தும் நாளில் உங்கள் வீட்டுத் தொட்டி 30 டிகிரியைத் தொடும். வெப்பம் ஏற ஏறத் தண்ணீர் தாங்கும் பிராணவாயு குறையும். மெதுவாக வளர்ந்தாலும் கடைசியில் ஆறடித் தொட்டியில் திரும்பக்கூட இடமிருக்காது. பேராக்கின் ரோயல் பெலும் காட்டில் கெலாவைப் பாதுகாத்து விட்டிருக்கிறார்கள். ஒருமுறை குடும்பத்தோடு போய் அங்கே பாருங்கள். பேராக் ஆற்றின் தெமோலே மீனும், அரோவானா இனமான கெலிசாவும் அனைத்துலக வணிகத் தடைப் பட்டியலில் உள்ளவை. சிப்பும் சான்றிதழும் உள்ள பண்ணைக் கெலிசா தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்களிலும், ஆலைக் கழிவு வந்து சேரும் ஓடைகளிலும் மீன் பிடிக்க வேண்டாம். களைக்கொல்லி அடித்த பிறகு பெய்யும் மழை நேரே அந்தக் கால்வாயில்தான் இறங்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020-இலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் மற்ற மருந்துகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. மின்சாரம் பாய்ச்சியோ மீனை மயக்கும் தூபா வேர் கலக்கியோ பிடிப்பது சட்டப்படி குற்றம், நதிக்கும் துரோகம். எந்த ஆற்றில் மீன் பிடிக்கலாம் என்பதை மாநில விதிகள் தீர்மானிக்கின்றன, மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

புதிதாகப் பிடித்த மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். உடம்பில் நூல் போலத் தொங்கும் நங்கூரப் புழு, வட்டமாக ஒட்டியிருக்கும் மீன் பேன் இவை காட்டு மீன்களில் சகஜம். உப்பு எல்லாவற்றையும் தீர்க்காது, ஆனாலும் லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு லம்பாமுக்கு உதவும். அயிரை உள்ள தொட்டியில் உப்பு போட வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். தொட்டியில் வளர்ந்த எந்த மீனையும் ஆற்றிலோ பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலோ விடாதீர்கள். வெளியிலிருந்து வந்த பீக்காக் பாஸும், தொட்டிக் கண்ணாடியைச் சுரண்டும் ஈக்கான் பண்டாராயாவும் நம் நீர்நிலைகளில் நிறைந்திருப்பது இப்படி விட்டவர்களாலும்தான். லம்பாம் பெரிதாகி இடம் போதவில்லை என்றால் மீன்கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கடைசியாக இரண்டு சிறு விஷயம். தண்ணீரும் கண்ணாடியும் கல்லும் சேர்ந்து 850 கிலோவுக்கு மேல் வரும், சிமெண்டுத் தரையில் சமமாக நிற்கிறதா பாருங்கள். பலகைத் தரை வீடென்றால் வைக்கவே வேண்டாம். மாலை இடிமழையில் கரண்டு போவது வழக்கம் என்றால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். அம்மோனியா சோதனைக் கிட் பூஜ்யம் காட்டி, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, இரண்டு வாரம் அப்படியே நின்றால்தான் அடுத்த மீனைப் பற்றி யோசிக்கலாம்.