இங்கிலாந்தில் வணிகச் சட்டத்தில் எல்.எல்.எம்.: ஒரு தம்பியின் கேள்விக்குப் பதில்

தம்பி, இந்தியாவில் சட்டம் முடித்த கையோடு இங்கிலாந்தில் வணிகச் சட்டத்தில் எல்.எல்.எம். என்ற முதுகலைப் படிப்பில் சேரப் போவதாக எழுதியிருந்தீர்கள். ஒரே வருடத்தில் சமாளிக்க முடியுமா, முடித்ததும் இங்கேயே வக்கீலாகிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே அதே படிப்பைப் படித்து இங்கேயே தங்கிவிட்டவன் என்பதால் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். எல்.எல்.எம். வெறும் பட்டம்தான், அதை வைத்துத் தொழில் செய்ய முடியாது. சொலிசிட்டர், அதாவது கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி ஆவண வேலைகளைப் பார்க்கும் வக்கீல், ஆவதற்கு 2021 முதல் எஸ்.க்யூ.ஈ. என்ற தகுதித் தேர்வு இருக்கிறது. அதன் முதல் கட்டத்தில் மட்டும் 360 கொள்குறி வினாக்கள். இங்கே புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் இரண்டு வருட வேலை அனுபவமும் காட்ட வேண்டும். வேறு நாட்டில் ஏற்கெனவே வழக்கறிஞராகத் தகுதி பெற்றவர்களுக்கு அந்த நிபந்தனை கிடையாது. அதனால் பார் கவுன்சில் பதிவும் அகில இந்திய பார் தேர்வும் பாக்கி இருந்தால், தயவுசெய்து விமானம் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். மொத்தம் 180 கிரெடிட், அதில் பெரும்பாலும் 60 ஆய்வுக் கட்டுரைக்குப் போய்விடும். பாடம் உங்களை மிரட்டாது. நம்முடைய 1930ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டம் இவர்களுடைய 1893ஆம் வருடச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். இங்கே இப்போது இருப்பது 1979ஆம் வருடச் சட்டம் என்றாலும் பல பிரிவுகள் உங்களுக்குப் பழக்கமானவையாகவே இருக்கும்.

கேள்வி கேட்கும் விதம்தான் வேறு. ஒரு உதாரணம். சி.ஐ.எஃப். ஒப்பந்தம், அதாவது சரக்கு, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் விலைக்குள் அடங்கும் ஒப்பந்தம். அதில் சரக்கு கப்பலேறியது, கப்பல் நடுக்கடலில் மூழ்கிவிட்டது. அது தெரிந்தும் விற்றவர் சரக்குச் சீட்டு, காப்பீடு முதலிய ஆவணங்களை நீட்டிப் பணம் கேட்கிறார். கேட்கலாமா? கேட்கலாம் என்று 1919இல் மேன்ப்ரே சாக்கரின் என்ற நிறுவனத்தின் வழக்கில் நீதிபதி மெக்கார்டி சொல்லிவிட்டார். இந்த வகை ஒப்பந்தத்தில் வாங்குபவர் பணம் கொடுப்பது ஆவணங்களுக்கு. நஷ்டத்தை அவர் காப்பீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை அப்படியே ஒப்பித்தால் மதிப்பெண் வராது. இந்த விதி யாருக்கு வசதி, வங்கி ஏன் இதை நம்பிக் கடன் கொடுக்கிறது, காப்பீட்டு ஆவணத்தில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் ஒரு பக்கம் நின்று வாதாட வேண்டும். வகுப்புக்கு முன்பே முழுத் தீர்ப்பையும் படித்துவிட்டுப் போங்கள், சுருக்கக் குறிப்புகளை நம்பாதீர்கள். எனக்கு இந்தப் படிப்பில் பிடித்ததே இந்த வாதாட்டம்தான்.

பாடங்களை ஒன்றோடொன்று சேர்கிற மாதிரி எடுங்கள். சரக்கு விற்பனை, கப்பல் போக்குவரத்து, வங்கிக் கடன் கடிதம் (வாங்குபவருக்காக வங்கி தரும் பண உறுதி), நடுவர் மன்றம் (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறு தீர்ப்பது) நான்கும் ஒரே வியாபாரத்தின் பாகங்கள். ஒன்று புரிந்தால் மற்றது எளிது.

அப்புறம் ஆய்வுக் கட்டுரை. 'உலக வணிகத்தில் நடுவர் மன்றங்கள்' மாதிரிப் பெரிய தலைப்பு வேண்டவே வேண்டாம். கப்பல் சரக்குச் சீட்டு என்பது சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல்காரர் தரும் சீட்டு. மின்னணுச் சீட்டுக்கும் காகிதச் சீட்டின் மதிப்பைத் தரும் சட்டம் இங்கே 2023இல் வந்தது. இந்தியாவும் சரக்குச் சீட்டு பற்றிய 1856ஆம் வருடச் சட்டத்தை விட்டுவிட்டு 2025இல் புதிதாக ஒன்று கொண்டுவந்தது. திரையில் மட்டும் இருக்கும் சீட்டைக் 'கையில் வைத்திருப்பவர்' யார் என்ற ஒரே கேள்வியை இரண்டு சட்டங்களிலும் தேடினாலே கட்டுரைக்குப் போதும். செப்டம்பரில் சேர்ந்தால் ஜனவரிக்குள் தலைப்பை மேற்பார்வையாளரிடம் காட்டிவிடுங்கள், கோடையில் அவர்களைப் பிடிப்பது கஷ்டம்.