வீட்டை அடகு வைத்து எம்.பி.பி.எஸ். வேண்டாம், அவள் கேட்கும் சமூகப்பணியைப் படிக்க விடுங்கள்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீட்டில் தகுதி மதிப்பெண் வந்திருக்கிறது, ஆனால் அரசு இடம் கிடைக்காது. வீட்டை அடமானம் வைத்தாவது வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிட வேண்டும் என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். மகளோ சமூகப்பணி படித்து, குடியாலும் கஞ்சா வழக்காலும் சிறைக்குப் போய்வந்த தாய்மார்களோடு வேலை செய்யப்போகிறேன் என்கிறாள். அவளுடைய சித்தியே அப்படிப் போய்வந்தவர், சித்தி மகன் இவர்கள் வீட்டில்தான் வளர்கிறான். "தங்கச்சியால பட்ட அவமானம் போதாதா, இவளும் ஜெயில் வாசல்ல போய் நிக்கணுமா?" என்று அந்த அம்மா கேட்கிறார்.

கவலை புரிகிறது அம்மா. ஆனால் பத்திரம் அடகுக்குப் போவதற்குள் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பினாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் டாக்டர். தேறாமல் கோச்சிங் சென்டரில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஏராளம், வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். டாக்டராகியே தீருவேன் என்கிற பிள்ளைக்கே இதை நான் யோசித்துத்தான் சொல்வேன். வேண்டாம் என்கிற பிள்ளைக்காகக் குடியிருக்கும் வீட்டை வைப்பது கூடவே கூடாது. தவணை கட்டப்போவது பெரியப்பா இல்லை.

மகள் கேட்பது சும்மா பரிதாபத்தில் வந்த ஆசையும் இல்லை. பாட்டியோடு மதுரை பெண்கள் சிறைக்கு மனு கொடுத்துச் சித்தியைப் பார்க்கப் போனவள், வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும் படிவம் நிரப்பிக்கொடுத்துவிட்டு வந்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் ஒரு குறையாக. பதினேழு வயதில் இவ்வளவு தெளிவான நாட்டம் எல்லாப் பிள்ளைகளிடமும் தெரியாது.

இந்த வேலை என்ன என்று உறவுக்காரர்களுக்குத் தெரியாது, அதனால்தான் பயம். நம் நாட்டுக் கைதிகளில் பெண்கள் சுமார் 4 சதவீதம்தான், அதனாலேயே திட்டம் போடும்போது அவர்கள் கடைசி. போதை மீட்பு மையங்களும் பெரும்பாலும் ஆண்களுக்கானவை. தாயோடு சிறையில் குழந்தை 6 வயது வரை இருக்கலாம் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதற்கப்புறம் பாட்டி வீடோ விடுதியோதான். வருடங்கள் கழித்து விடுதலையாகி வரும் தாய், முதல் நாளே பிள்ளையை இழுத்து அணைக்கப் பார்ப்பார். அவன் பாட்டி முந்தானைக்குள் ஒளிவான், "பாரு, பெத்தவளைக் கண்டாலே பயப்படுறான்" என்பார் பாட்டி, அந்த ஒரு சொல்லே அன்று இரவு அந்தத் தாயை மறுபடி குடிக்க வைத்துவிடலாம். பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர் முதலில் பாட்டியைத் தனியாக உட்காரவைத்து அவர் கோபத்தை முழுதாகக் கேட்பார். முதல் சந்திப்பை அரை மணி நேரத்தோடு நிறுத்துவார். தாயிடம், தூக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டுக்கொடுங்கள், வருகிறேன் என்று சொன்ன கிழமையில் தவறாமல் வாருங்கள் என்பார். ரேஷன் கார்டில் பெயர், விடாமல் மாத்திரை, வாடகைக்கு ஒரு அறை, ஒரு வேலை, ஒருவேளை மறுபடி குடித்துவிட்டால் அன்று பிள்ளை யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதிவைப்பது, எல்லாம் அவர் வேலைதான். நல்ல மனசு மட்டும் இருந்தால் இது வந்துவிடாது, படிக்க வேண்டும்.

படிப்புக்கு வருவோம். ஒரு இளநிலைப் பட்டம் (சமூகப்பணிக்கான பி.எஸ்.டபிள்யூ. கிடைத்தால் நல்லது), அப்புறம் இரண்டு வருட முதுநிலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. சென்னையில் 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கிறது. மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் (டிஸ்) பிரயாஸ் திட்டம் 1990 முதல் சிறைவாசிகளோடு வேலை செய்கிறது, இவள் போக விரும்பும் பாதைக்கு அது நேராகப் பொருந்தும். மருத்துவ, மனநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுக்கச் சொல்லுங்கள். களப்பணிக்கு, சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போல, போதை நோயாளியின் குடும்பத்தையும் சேர்த்துக் கவனிக்கும் இடமாகப் பார்க்க வேண்டும். அரசு வேலை இருக்கிறதா என்று பெரியப்பா கேட்டால், டிஎன்பிஎஸ்சி குரூப் 2-ல் நன்னடத்தை அலுவலர் பணி இருக்கிறது, சிறைத்துறையிலும் சமூகப் பாதுகாப்புத் துறையிலும்.

சம்பளம் தொடக்கத்தில் குறைவுதான், ஐடி பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். கடனில்லாமல் படித்தால் அந்தச் சம்பளத்தில் தலைநிமிர்ந்து வாழலாம், கடனோடு முடியாது. ஆகவே நன்கொடை கேட்கும் கல்லூரிப் பக்கமே போக வேண்டாம்.

உங்கள் மகளுக்கும் ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். சித்தியைத் திருத்துவதற்காக இதைப் படிக்கக் கூடாது. சொந்த வீட்டு ஆளுக்கு யாரும் ஆலோசகராக இருக்க முடியாது, இவள் சித்திக்கு அக்கா மகளாக மட்டும் இருக்கட்டும். சித்தியின் சிகிச்சைக்கு 14446 என்ற போதை மீட்பு உதவிக்கான கட்டணமில்லா எண்ணில் நீங்களே பேசுங்கள். சித்தி மகனின் படிப்புச் செலவுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உதவித்தொகை கேட்டு மனு கொடுங்கள். அந்த இரண்டு வேலையும் பெரியவர்களுடையது. அவள் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பட்டும்.