ஓடும்போது வந்த மயக்கத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே!

காசிமேட்டிலிருந்து எழுதியிருக்கும் 26 வயது தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி, டிவியில் பார்த்து வளர்ந்த மல்யுத்த வீரர்களின் சாவுக் கணக்குதான். எடி கெரேரோ 38 வயது, பிரே வயட் 36, டேவி பாய் ஸ்மித் 39 என்று வரிசையாக எழுதிவிட்டு, "நானும் ஜிம்மே கதியென்று கிடக்கிறேன், எனக்கும் இப்படி ஆகுமா டாக்டர்?" என்று கேட்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில், முதுகுப் பருவுக்கும் மூட்டுச் சத்தத்துக்கும் நடுவே, அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: போன மாதம் ஓடும்போது கண் இருட்டி விழுந்தேன், காலையில் சாப்பிடாததால். அதற்கும் கீழே, அப்பா 39 வயதில் படகில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்துபோனது.

இந்த இரண்டு வரிக்குத்தான் என் பதில். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

மயக்கம் யாருக்கு வேண்டுமானாலும் வரும். வெயிலில் வரிசையில் நின்றால் வரும், ரத்தத்தைப் பார்த்தால் வரும், ஊசி போட்டால் வரும். அப்போதெல்லாம் முதலில் வியர்க்கும், குமட்டும், காது அடைக்கும். ஆள் சுதாரித்து உட்காரப் பார்ப்பார். இதில் பெரும்பாலும் ஆபத்து இல்லை. ஆனால் உடம்பு முழுவேகத்தில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, எந்த அறிகுறியும் இல்லாமல் விழுவது வேறு விஷயம். உங்களுக்கு உதடு கிழிந்திருக்கிறது, முன்பல் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது, கையை ஊன்றக்கூட உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. பசி மயக்கம் இப்படி வராது. இதயத் துடிப்பு தாறுமாறாகி, சில நொடிகள் மூளைக்கு ரத்தம் போகவில்லை என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்வேன். பரிசோதனையில் அப்படி இல்லை என்று தெரியும்வரை இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவும் மாட்டேன்.

அப்பாவின் மரணத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது என் மனதில் முதலில் வருவது, இதயத் தசை பரம்பரையாகத் தடித்துப்போகும் நோய். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. சுவர் உள்பக்கமாகத் தடித்தால் அறை குறுகிப்போவதுபோல, தசை தடிக்கத் தடிக்க ரத்தம் நிரம்பும் இடம் குறையும், வெளியேறும் வழி நெருக்கப்படும். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடும்போது, எடை தூக்கும்போது, வலை இழுக்கும்போது தெரியும். அப்பாவுக்கு இதுதான் இருந்தது என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. "கடல் காத்து சேரல" என்று ஊரில் பேசிக்கொண்டதை மட்டும் விட்டுவிடுங்கள். கடல் காற்று பட்டு 39 வயதில் யாரும் சாவதில்லை.

சரி, மல்யுத்த வீரர்கள் விஷயம். உங்கள் பயம் முழுக்கப் பொய்யில்லை. அமெரிக்காவில் 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 45 முதல் 54 வயதுள்ள மல்யுத்த வீரர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோரை வீழ்த்தியது ரிங்கில் வாங்கிய அடி இல்லை. இதயமும், போதையும், வலி மாத்திரைகளும்தான். எடி கெரேரோ 2005 நவம்பரில் ஹோட்டல் அறையில் இறந்தார். மதுவையும் வலி மாத்திரையையும் விட்டு அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது, இதய ரத்தக் குழாய்கள் குறுகியிருந்தன என்பது. அந்த மரணத்துக்குப் பிறகுதான், 2006-இல், அவருடைய நிறுவனமான டபிள்யூடபிள்யூஇ (WWE) போதை மருந்துச் சோதனையையும் இதயப் பரிசோதனையையும் கட்டாயமாக்கியது. அந்த உடம்புகளைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் இந்தப் பகுதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது, உடம்பை ஏற்ற உங்கள் ஜிம் மாஸ்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசிக்கு வருகிறேன். "பத்து வாரம் ஒரு சைக்கிள் (ஊசி போடும் ஒரு சுற்று), லேசான டோஸ்தான், யூட்யூபிலும் பார்த்தேன்" என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, தம்பி. ஸ்டீராய்டு ஊசி நல்ல கொழுப்பைத் தரைமட்டமாக்கும், கெட்ட கொழுப்பை ஏற்றும், ரத்த அழுத்தத்தைக் கூட்டும், ரத்தத்தைக் கெட்டியாக்கும், இதயத் தசையையும் தடிக்க வைக்கும். ஏற்கெனவே தடித்த இதயமாக இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒர்க்அவுட்டுக்கு முன் "தெம்புக்கு" என்று இன்னொரு ஊசியும் போடுகிறாராமே? பெயர் தெரியவில்லை என்கிறீர்கள். மெஃபென்டர்மினாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் ரத்த அழுத்தம் விழும்போது மயக்க மருந்து நிபுணர் போடும் மருந்து அது. அதை ஜிம்மில் நின்றுகொண்டு போட யாருக்கும் அருகதை இல்லை. இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில வாரம் சோர்வு, மன வாட்டம், தாம்பத்திய ஆசைக் குறைவு வரலாம். அதைச் சரிசெய்ய மாஸ்டர் வேறு மாத்திரை நீட்டுவார், வாங்காதீர்கள். ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள். ஒரே குப்பியை நான்கு பேர் பகிர்ந்துகொண்டதால் மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம்.

மிச்சக் கவலைகள்: மூட்டில் வலியில்லாமல் வரும் சத்தம் ஒன்றும் செய்யாது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையால். நல்ல கிட்னியை அளவான புரோட்டீன் பவுடர் கெடுக்காது, ஆனால் லேபிள் இல்லாத டப்பா வேண்டாம். முதுகுப் பருவும் மார்புக் காம்புக்குக் கீழே இருக்கும் கட்டியும் ஸ்டீராய்டின் கைங்கரியமாகத்தான் இருக்கும், கட்டியை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இந்த வாரமே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இதயப் பிரிவுக்குப் போங்கள். ஓ.பி. சீட்டு போடும்போதே "ஓடும்போது மயங்கி விழுந்தேன், அப்பா 39-இல் திடீரென இறந்தார்" என்று சொல்லுங்கள். வெறும் ஈசிஜியோடு திரும்பி வராதீர்கள், எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் 24 மணி நேரத் துடிப்புப் பதிவும் எடுப்பார்கள். ஊசிக் குப்பிகளை எடுத்துப்போய்க் காட்டுங்கள். மறைத்தால், இதயத் தசை தடித்திருப்பது ஊசி மருந்தாலா, பரம்பரையா என்று பிரித்துப் பார்ப்பது அவர்களுக்குச் சிரமம்.

முடிவு தெரியும்வரை ஓட்டம், எடை எதுவும் வேண்டாம். விடிகாலையில் மீன் பெட்டி தூக்கும் வேலையும் வேண்டாம். கூலி போகும், தெரியும். ஏலக்காரரிடம் பேசி, கணக்கு எழுதும் வேலையாவது கேளுங்கள்.

அப்பா மாதிரி போய்விடுவேனோ என்பதுதானே நீங்கள் நேராகக் கேட்காத கேள்வி? இந்த நோய் இருந்தாலும், கண்டுபிடித்துவிட்டால் மாத்திரை இருக்கிறது, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய, நெஞ்சில் பொருத்தும் கருவி இருக்கிறது. சிகிச்சையோடு பேரன் பேத்தி எடுத்தவர்கள் நிறையப் பேர். அப்பாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

உங்களோடு இருக்கும் நண்பர்களிடமும் ஒன்று சொல்லிவையுங்கள். மறுபடி விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லையென்றால், சோடா தெளிப்பது, கையில் சாவியைத் திணிப்பது எல்லாம் வேண்டாம். ஒருவர் 108-ஐக் கூப்பிட, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை.

பிளஸ் டூ படிக்கும் உங்கள் தம்பி கால்பந்து ஆடுகிறான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கும் எக்கோ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள். அப்பா அதற்கு முன் எப்போதாவது மயங்கி விழுந்தாரா, அவர் கூடப்பிறந்தவர்கள் யாராவது சின்ன வயதில் போனார்களா என்று டாக்டர் கேட்பார். அது அம்மாவுக்குத்தான் தெரியும்.