தென்கொரியாவில் ஒரு நகர மேயர் அதிபரானது எப்படி?

லீ ஜே-மியோங்கைத்தான் கேட்கிறீர்கள். படிக்க வேண்டிய வயதில் சியோங்நாம் நகர ஆலைகளில் வேலை பார்த்தவர். மெஷினில் சிக்கிய கை இன்றும் முழுதாக நிமிராது. பிறகு வக்கீலானார். 2006இல் அங்கே மேயர் தேர்தலில் தோற்று, 2010இல் ஜெயித்தார்.

நாடு முழுக்க அவரைப் பேச வைத்தது 2016இல் தொடங்கிய இளைஞர் உதவித்தொகை. 24 வயதுக்காரர்களுக்கு ரொக்கம் தராமல், உள்ளூர்க் கடைகளில் மட்டும் செல்லும் கூப்பனாகக் கொடுத்தார். இளைஞருக்கும் உதவி, தெருக்கடைக்கும் வியாபாரம்! எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. மத்திய அரசு எதிர்த்தும் அவர் விடவில்லை.

அப்புறம் 2018இல் கியோங்கி மாகாண ஆளுநராகத் தேர்வானார். 2022 அதிபர் தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோல்வி. 2024 டிசம்பரில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்ட இரவில், செல்போனில் நேரலை ஓட, நாடாளுமன்ற வேலியை ஏறிக் குதித்தார். அதை அறிவித்த அதிபர் யூன் பதவியிழக்க, 2025 ஜூன் தேர்தலில் இவர் வென்றார்.