முகலாயர் மரகதம் எங்கிருந்து வந்தது?

வணக்கம் ஐயா,

முகலாய ஓவியங்களில் தலைப்பாகை, கழுத்து, குறுவாள் பிடி என்று எங்கும் பச்சைக்கல். நம் நவரத்தினத்திலும் மரகதம் உண்டு. அப்படியென்றால் இந்தியாவில் பெரிய மரகதச் சுரங்கங்கள் இருந்திருக்க வேண்டுமே, அவை எங்கே போயின?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படிப்பட்ட சுரங்கங்கள் இங்கே இருந்ததாகச் சான்று இல்லை. ராஜஸ்தானில் மரகதம் கிடைத்ததே 1940களில்தான். பழைய காலத்தில் எகிப்திலிருந்து வந்த கல் பெரும்பாலும் சின்னது, மங்கலானது. நீங்கள் ஓவியங்களில் பார்க்கும் பெரிய கற்களில் பெரும்பாலானவை கொலம்பியாவின் முசோ, சிவோர் மலைகளில் தோண்டியவை.

சிவோர் 1537இல் ஸ்பானியர் கண்ணில் பட்டது. முசோ மக்கள் எளிதில் பணியவில்லை. அவர்களை அடக்க மேலும் இருபது வருடம் போல ஆனது. அப்புறம் அதே மக்களைச் சுரங்கத்தில் கட்டாய வேலைக்கு இறக்கினார்கள். வேலையும் ஐரோப்பியர் கொண்டுவந்த நோயும் சேர்ந்து அவர்களில் பெரும்பகுதியினரைக் கொன்றுவிட்டன. மரகதம் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

கல்லுக்கு நல்ல விலை கிடைத்தது இந்திய அரசவைகளில். கொலம்பியத் துறைமுகமான கார்த்தஹேனா, ஹவானா, ஸ்பெயினின் செவில், லிஸ்பன், பிறகு கோவா என்று வந்து சேர்ந்தது. கோவாவில் அதைக் கொடுத்து வைரமும் முத்தும் வாங்கினார்கள். ஸ்பெயின் அரசருக்கு ஐந்தில் ஒரு பங்கு போக வேண்டும் என்பதால் கடத்தல் தாராளமாக நடந்தது. 1622இல் ஃப்ளோரிடா அருகே மூழ்கிய அடோச்சா என்ற ஸ்பானியக் கப்பலை 1985இல் கண்டெடுத்தபோது அதில் மரகதங்கள் இருந்தன. சரக்குப் பட்டியலில் அவை இல்லை!

கொலம்பியக் கல்லை உருப்பெருக்கியில் பார்த்தால் ஓரம் கிழிந்தாற்போன்ற ஒரு சின்ன குழி தெரியும். அதற்குள் உப்புநீர், ஒரு வாயுக் குமிழி, சதுரமாக ஓர் உப்புப் படிகம். கல் உருவான காலத்து நீர் அப்படியே சிறைப்பட்டிருக்கிறது.

வியாபாரிகள் நெடுங்காலம் சிறந்த கற்களை 'பழைய சுரங்கக் கல்' என்று சொல்லி, ஆசியாவில் எங்கோ தொலைந்துபோன சுரங்கத்தைக் காரணம் காட்டி விற்றார்கள். 2000இல் வெளியான ஓர் ஆய்வு, கற்களின் ஆக்சிஜன் ஐசோடோப்பை, அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தை, அளந்து அந்தக் கதையைச் சோதித்தது. இந்த விகிதம் கல் எங்கே தோண்டப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஹைதராபாத் நிஜாமின் கருவூலத்தைச் சேர்ந்த நான்கு கற்களில் மூன்று கொலம்பியாவுடையவை. நான்காவது ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷிர் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. ஆக, அந்த வியாபாரிகளின் கதை அடியோடு தவறில்லை. ஆசியக் கல்லும் கொஞ்சம் கலந்தே வந்திருக்கிறது.